கறுப்பி படுத்துக்கொண்டது

கறுப்பி குரைக்கவில்லை.

குரைத்திருக்க வேண்டும். சாய்ந்து நின்ற சுவருக்கும் கவிழ்ந்து கிடந்த தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருந்த இடுக்கில், முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு ஒல்லி கிடந்தான். அதன் நகங்கள் சிமெண்டுக் கட்டிகளில் பறண்டிக்கொண்டு மேலேறி வருவது கேட்டது. இடுக்குக்குள் மூக்கை நுழைத்து அது இழுத்த மூச்சு அவன் பிடரியில் ஈரமாகப் பட்டது. இதோ, இப்போது காது கிழியக் குரைக்கப்போகிறது என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தான். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. பிறகு மணலில் கனமான உடம்பு ஒன்று சரிகிற சத்தமும், வேலை முடிந்த ஆள் விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சும் கேட்டன. அவ்வளவுதான்.

"படுத்துட்டா," என்றது வெளியே, கறுப்பியை வளர்த்துப் பழக்கிய அண்ணனின் குரல்.

யாரோ சிரித்தார்கள்.

கறுப்பிக்குத் தெரிந்த பாஷை இரண்டே இரண்டு. இடிபாட்டுக்கு அடியில் ஆள் உயிரோடிருந்தால், முன்னங்காலால் அந்த இடத்தைப் பறித்துக்கொண்டு விடாமல் குரைக்கும். செத்துக் கிடந்தால், முன்னங்கால் மேல் மூக்கை வைத்துப் பேசாமல் படுத்துவிடும். குரைத்தால் கடிக்க ரப்பர் வளையம் உண்டு, கொஞ்சலுண்டு. படுத்தால் முதுகில் ஒரு தட்டு, அதோடு சரி. நிலநடுக்கம் வந்து இது ஐந்தாம் நாள். முதல் நாள் மூன்று தடவை குரைத்தது, மூன்று பேரையும் இழுத்து வெளியே போட்டார்கள். அதற்குப் பிறகு அது படுத்தது, எழுந்து நடந்தது, மறுபடி படுத்தது. பிணமாகவே கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் நாய்க்கும் மனசு விட்டுப்போகும். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வாலைத் தூக்காது. அதற்காகத்தான் இந்த விளையாட்டு. மீட்புக் குழுவில் ஒருவன் போய் ஒளிந்துகொள்வான், நாய் தேடிக் கண்டுபிடிக்கும், எல்லோரும் கைதட்டி அமர்க்களம் பண்ணுவார்கள். உலகத்தில் உயிர் மிச்சமிருக்கிறது என்று அந்த வாயில்லாச் சீவனுக்கு ஒரு தெம்பு வரும். எலி வளையிலும் நுழைந்துவிடுகிற உடம்பு என்பதால் ஒளிகிறவன் எப்போதும் ஒல்லிதான்.

தூசியைத் தட்டிக்கொண்டு அவன் வெளியே வந்தான்.

"ஏம்ப்பா, நீ செத்து எத்தனை நாளாச்சு? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் லாரி டிரைவர்.

"உங்க சமையல் சாப்பிட்ட அன்னிக்கே," என்றான் ஒல்லி. அவனும் சேர்ந்துதான் சிரித்தான். சிரித்தபடியே கறுப்பியின் தலையைத் தடவக் கையை நீட்டினான். அது எழுந்து நாலடி பின்னால் போய், அவன் முகத்தைப் பார்க்காமல், மறுபடி முன்னங்கால் மேல் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டது.

நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று அண்ணனுக்குக் கவலை வந்துவிட்டது. கல்யாணம் காட்சி என்று எதுவும் வேண்டாமென்று அந்த நாயோடேயே ஏழு வருஷம் குடித்தனம் பண்ணுகிற மனுஷன். டிரைவரை அதே இடுக்கில் ஒளியச் சொன்னார். தொப்பையைத் திணித்துத் திட்டிக்கொண்டே டிரைவர் உள்ளே போன அரை நிமிஷத்தில் கறுப்பி பாய்ந்து போய், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி குரைத்துத் தள்ளியது. வளையம் கொடுத்தார்கள். வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடியது. நாயிடம் ஒரு குறையும் இல்லை.

மறுபடி ஒல்லி போனான். மறுபடி படுத்தது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"பொணம் தூக்கித் தூக்கி அந்த நாத்தம் உன் மேலயே ஊறிப்போச்சுடா. போய் நல்லாத் தேச்சுக் குளி," என்றார் அண்ணன்.

தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்று ஒல்லி குளித்தான். கிருமிநாசினி சோப்பை மூன்று தடவை போட்டான். நகக்கண், காது மடல், கழுத்து என்று ஒன்றையும் விடவில்லை. இடது கையைத் தேய்க்கும்போதுதான் கை நின்றது. மணிக்கட்டில் நாலு தடம். மறுபக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று. நேற்று சாயங்காலம் வெறும் சிவப்பாக இருந்தவை இப்போது நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தன. நடுவிரல் தடத்தின் நுனியில் மட்டும், சின்ன மூடியை அழுத்தி எடுத்தாற்போல் ஒரு வட்டம். அதை மட்டும் பத்துத் தடவை தேய்த்தான். தோல் எரிந்ததே தவிரத் தடம் போகவில்லை.

டிரைவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, ஒளியவே தேவையிருக்கவில்லை. பத்தடி தூரத்திலேயே கறுப்பி அவனைப் பார்த்துப் படுத்துவிட்டது.

அது ஏன் படுக்கிறதென்று அந்த இடத்தில் ஒல்லிக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்று மத்தியானம். இரண்டு தெரு தள்ளி, கீழே தையல் கடை இருந்த ஒரு மூன்று மாடிக் கட்டடம். மூன்று தளமும் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கி இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது. அங்கே கறுப்பி குரைத்தது. மூன்று நாளைக்குப் பிறகு முதல் குரைப்பு! விசில் ஊதி எல்லா எந்திரங்களையும் நிறுத்தினார்கள். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சை முடிவு வந்த பள்ளிக்கூடப் பையன் மாதிரி. "போடா, போடா" என்று ஒல்லியை உள்ளே தள்ளினார்.

வயிற்றால் ஊர்ந்து பதினைந்தடி போனான். நூல்கண்டுகள் அவிழ்ந்து முகத்தில் சிக்கின. உள்ளங்கைக்கு அடியில் பொத்தான்கள் உருண்டன. ஒரு தையல் எந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றி வளைந்து கையை நீட்டியபோது, ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. சூடான கை. நடுவிரலில் ஊசி குத்தாமலிருக்க மாட்டிக்கொள்கிற இரும்புக் குப்பி. பெண்ணின் கையாக இருக்க வேண்டும். பிடித்த கை பிடித்தபடியே இருந்தது, பேச்சில்லை, முனகலில்லை. "அக்கா, பயப்படாதீங்க, வந்துட்டோம்," என்றான். அந்த நேரம் பார்த்துத் தரை நடுங்கியது. தலைக்கு மேல் மூன்று மாடியும் நறநறவென்று பல்லைக் கடித்தது. மண் கொட்டியது. ஒல்லி கையை இழுத்தான், வரவில்லை. "விடுங்க, விடுங்கக்கா," என்று கத்தினான். விடவில்லை. அதற்குமேல் அவன் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மற்றக் கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான். முதலில் ஆள்காட்டி விரல், பிறகு குப்பி மாட்டிய விரல், பிறகு அதற்கடுத்தது. முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம் மூன்று தடவை கேட்டது.

வெளியே வந்து விழுந்தான். நடுக்கம் நின்றுவிட்டிருந்தது. அண்ணன் ஓடிவந்து தோளைப் பிடித்து, "உயிரா?" என்று கேட்டார்.

உயிர் என்று சொன்னால் திரும்ப உள்ளே போகச் சொல்வார். அந்த வளைக்குள் போகக்கூடியவன் அவன் ஒருவன்தான்.

"பொணம்ணே. ரெண்டு மூணு நாள் ஆயிருக்கும். சில்லிட்டுக் கெடக்கு."

அண்ணனின் முகம் விழுந்தது. கோபமெல்லாம் நாய் மேல் திரும்பியது. ஒரு தடவை பொய்யாகக் குரைக்க விட்டால் அப்புறம் நாயை நம்ப முடியாது என்பது அந்தத் தொழிலின் சட்டம், உடனே திருத்தியாக வேண்டும். கறுப்பியைத் திரும்ப அந்த ஓட்டைக்கு இழுத்துப்போய், உள்ளிருந்து வருகிற வாடையை முகரவைத்து, "தப்பு. படு," என்று தோளை அழுத்தினார். அது திமிறியது. மறுபடி குரைத்தது. அண்ணன் வாயைப் பொத்தினார். ஆறு தடவையோ ஏழு தடவையோ. கடைசியில் கறுப்பி, ஒல்லியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த வாடைக்கு முன்னால் தானாகவே படுத்துக்கொண்டது. சுவரில் சிவப்புச் சாயத்தால் குறுக்குக்கோடு போட்டார்கள். உயிர் இல்லை, எந்திரம் வரலாம் என்று அர்த்தம்.

அந்த வாடைதான் இப்போது ஒல்லியின் மணிக்கட்டில் இருக்கிறது. சோப்புக்குப் போகாத வாடை. கறுப்பி பாவம், சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்கிறது.

மணி பன்னிரண்டு. மூன்று மணிக்குப் பொக்லைன் எந்திரம் தையல்கடைத் தெருவுக்குள் நுழைகிறது. அண்ணனிடம் நாலு வார்த்தை சொன்னால் போதும், எந்திரம் நிற்கும். நாலு வார்த்தைதானே? வாய்வரை வந்தது. ஆனால் முதல் நாள் ஒரு குழந்தையை வெளியே எடுத்துவிட்டு எல்லோர் எதிரிலும் தேம்பி அழுத மனுஷனிடம், உயிரோடிருந்த ஒருத்தியின் விரலை ஒடித்துவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? வாழ்நாள் முழுக்க அந்த மூஞ்சியில் எப்படி முழிப்பது?

சாப்பாட்டுத் தட்டோடு அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ கெளம்புடா தம்பி. உன்னைப் பாத்துப் பாத்து இவளுக்குக் குழம்புது. ஒன்றரை மணிக்கு லாரி போகுது. ஏறி வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் தூங்கு."

"அண்ணே..."

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. சரிண்ணே."

லாரியில் ஏறினான். அண்ணனுக்குக் கைகூடக் காட்டினான். முதல் திருப்பத்தில் வேகம் குறைந்தபோது பின்பக்கமாகக் குதித்துவிட்டான். யாருக்கும் தெரியாமல் போய் ஒரு தடவை பார்த்துவிடலாம். அவளுக்கு உயிர் இருந்தால் வெளியே வந்து, 'சத்தம் கேட்டுச்சுண்ணே, அதான் எறங்கி ஓடி வந்தேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். விரல்கள் இடிபாட்டில் ஒடிந்தவையாக இருந்துவிட்டுப் போகட்டும். அவளும் பிழைப்பாள், தன் மானமும் பிழைக்கும். அந்த நேரத்தில் அது அவனுக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

தையல்கடைத் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கொட்டகை முழுசாக விழுந்த பிறகும் முளைக்கம்பில் கட்டியபடியே ஒரு பசு நின்றது. ஐந்து நாளாகக் கறக்காத மடி கல்லாக வீங்கியிருந்தது. கத்தத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. மேலே ஒரு கூட்டம் புறாக்கள், தங்கள் மொட்டைமாடி இருந்த உயரத்தில் வட்டமடித்துக்கொண்டேயிருந்தன. இறங்க இடமில்லை, விட்டுப்போகவும் மனமில்லை. அடுத்த மனையில் ஏற்கெனவே ஒரு எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புத் தூசியும் சாக்கடையும், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் தித்திப்பான அழுகல் வாடையுமாகக் காற்று தொண்டையில் ஒட்டியது. ஒல்லி நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு சிவப்புக் கோட்டுக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்தான்.

நேற்றைவிட வளை குறுகியிருந்தது. மூச்சை முழுசாக விட்டு நெஞ்சை ஒடுக்கினால்தான் ஒரு சாண் நகர முடிந்தது. நூல்கண்டுகள், பொத்தான்கள், ஓரமாகக் கிழிந்த ஒரு அளவு நாடா. எந்திரம் உறுமும்போதெல்லாம் நெற்றியின் மேல் பொடிமண் உதிர்ந்தது. "அக்கா," என்றான் மெதுவாக. "அக்கா, நான்தான். நேத்து வந்தவன்." பதில் இல்லை. தையல் எந்திரத்தின் சக்கரம் வந்தது. அதைச் சுற்றி வளைந்தான். விளக்கைத் திருப்பினான்.

கை அங்கே இருந்தது.

குப்பி மாட்டிய நடுவிரலும் அதன் இருபக்கத்து விரல்களும் புறங்கைப் பக்கமாக மடங்கிக் கிடந்தன. கைக்குப் பின்னால் தோள், தோளுக்குப் பின்னால் முகம். உத்தரம் ஒன்று அவள் நெஞ்சின் குறுக்கே தரையோடு தரையாக அமுங்கியிருந்தது. ரத்தம் கறுத்து ஓடுதட்டிப்போயிருந்தது. தோல் பச்சையாக உப்பி உரிய ஆரம்பித்திருந்தது. கண்களை எறும்பு மொய்த்திருந்தது. ஐந்து நாளாகப் பிணம் எடுக்கிறவனுக்கு இதைச் சொல்ல வைத்தியர் வேண்டாம். நேற்றில்லை, முந்தாநாளுமில்லை. முதல் நாள், முதல் ஆட்டத்திலேயே போனவள்.

அப்பாடா!

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் அவனுக்கு முதலில் வந்தது. அப்பாடா. பொய் சொல்லவில்லை. பிணம் என்றுதானே சொன்னான், பிணம்தான். எவளையும் கொல்லவில்லை. பிடித்ததெல்லாம் பயத்தில் வந்த பிரமை, எதிலோ சிக்கிய தன் கையை யாரோ பிடித்ததாக நினைத்துக்கொண்டான், அவ்வளவுதான். ஒல்லிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. "மன்னிச்சிருங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் பின்னோக்கி ஊர ஆரம்பித்தான்.

இடது கை வரவில்லை.

நூல் சிக்கியிருக்கும் என்று இழுத்தான்.

நூல் இல்லை.

மெதுவாக விளக்கைத் திருப்பினான். அவளுடைய மற்றக் கை. உத்தரத்துக்கு அடியிலிருந்து வந்திருந்தது. மணிக்கட்டை வளைத்திருந்தது. நாவல்பழத் தடங்களின் மேல் ஒவ்வொரு விரலாகப் பொருந்தியிருந்தது. பச்சைத் தோல். உரிந்த நகம்.

சூடாக இருந்தது.

அவன் திமிறியதில் விளக்கு நெற்றியிலிருந்து நழுவி எந்திரச் சக்கரத்தில் மோதி அணைந்தது. இருட்டு. தன் மூச்சு மட்டும். இல்லை, தன் மூச்சு மட்டுமில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தான்.

அப்போது வெளியே நகங்கள் பறண்டும் சத்தம் கேட்டது.

கறுப்பி! எந்திரம் நுழைவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை நாயை விட்டுப் பார்ப்பார்கள். மூன்று மணி அதற்குள் ஆகிவிட்டதா? கழுத்தை முறுக்கித் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தான்; வளையின் வாயிலிருந்த வெளிச்சத்தில் ஒரு கறுத்த மூக்கு தெரிந்தது. பிறகு கண்கள். நேராக அவனைப் பார்த்த கண்கள். அதன் பின்னால் அண்ணனின் பூட்ஸ். பதினைந்தே அடி.

அண்ணே!

சத்தம் வரவில்லை. ஒடிந்த மூன்று விரல்களும் அவன் வாயின் மேல் படிந்தன. மடங்காத விரல்கள். அழுகிற பிள்ளையைச் சத்தம் போடாதே என்று பொத்துகிற மாதிரி, அழுத்தமாக, பொறுமையாக. இரும்புக் குப்பி அவன் பல்லில் இடித்தது. காலை உதைத்தான். கால் எங்கும் படவில்லை. அடுத்த மனை எந்திரம் உறுமியது. தொண்டைக்குள்ளேயே கத்தினான். கத்திக்கொண்டே இருந்தான்.

கறுப்பி மூக்கை உள்ளே நீட்டி முகர்ந்தது. அவனுக்கு எதிரே நின்றது. காதுகள் விறைத்தன. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அதன் தொண்டையில் குரைப்பு ஏறி வருவது தெரிந்தது.

"ம்ம்," என்றார் அண்ணன் எச்சரிக்கையாக.

கறுப்பி படுத்துக்கொண்டது.

"சபாஷ்டி என் கண்ணு! பாத்தீங்களா, நேத்து சொல்லிக்குடுத்தத மறக்கவேயில்ல," என்றார் அண்ணன். குரல் தழுதழுத்தது. "பாவம், எத்தனை நாளா ஒரு உயிரும் கிடைக்கல இவளுக்கு. இந்தா, இன்னிக்குப் படுத்ததுக்கே வெச்சுக்கோ."

ரப்பர் வளையம் அதன் முன்னால் விழுந்தது.

படுத்ததற்கு முதல் தடவையாக வளையம் கிடைத்ததில் கறுப்பிக்குச் சந்தோஷம் வந்தது. வளையத்தைக் கவ்விக்கொண்டு, படுத்த இடத்தைவிட்டு அசையாமல், ஒல்லியின் கண்ணையே பார்த்துக்கொண்டு வாலை ஆட்டியது. டப், டப், டப் என்று வால் சிமெண்டுப் பலகையில் அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் அவன் கண்ணில் கொஞ்சம் மண் விழுந்தது.

"எடுக்கலாங்க," என்றார் அண்ணன் பொக்லைன்காரரிடம்.